கிரீன்லாந்து மொழியில் ஒட்டுகள் எப்படி வேலை செய்கின்றன?

கேள்வி இதுதான்: கிரீன்லாந்து மொழியில் ஒரு முழு வாக்கியத்தையே ஒரே சொல்லாகச் சொல்லிவிடுவார்களாமே, தமிழும் ஒட்டுநிலை மொழிதானே, அப்படியானால் இரண்டும் ஒரே மாதிரிதானா? இப்படிப்பட்ட மொழிக்கு அகராதி எப்படிப் போடுவார்கள்?

ஒரே மாதிரி இல்லை. ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு அந்த மொழியின் பாதிக் கதவு ஏற்கனவே திறந்திருக்கிறது. அதனால் பள்ளியில் படித்த பகுபத உறுப்புகளைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போகலாம்.

முதலில் மொழியைப் பற்றிக் கொஞ்சம். கிரீன்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியை 'கலால்லிஸுத்' என்கிறார்கள். தீவின் மொத்த மக்கள்தொகையே 56,000 சொச்சம்தான். 2009 ஜூன் 21 முதல் அங்கே இது ஒன்றே அரசு மொழி, அதற்கு முன் டேனிஷ் மொழியும் சேர்ந்து இருந்தது. கிழக்கிலும் வடக்கிலும் வேறு வழக்குகள் உண்டு, நான் இங்கே சொல்வதெல்லாம் மேற்குக் கரையின் வழக்கு. எழுத்து பற்றியும் இரண்டு குறிப்பு சொல்லிவிடுகிறேன். நான் 'க்' என்று எழுதும் இடங்களில் பல, நம் ககரத்தைவிட இன்னும் உள்ளே, தொண்டையின் அடியில் பிறக்கும் ஒலி. அப்புறம், நம் நெடுங்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதாக நாம் நினைக்கும் 'ங' இருக்கிறதே, அது அந்த மொழியில் தனியாக நின்று ஒலிக்கும், 'புஙா', 'ங்ஙிலக்' என்று. ஆகவே தமிழ் எழுத்தில் இதை எழுதுவது ஒருவகையில் வசதி.

இனி ஒரு சொல்லை எடுத்துப் பிரிப்போம். 'இல்லு' என்றால் வீடு. (நம் 'இல்' நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. ஆனால் கனடாப் பக்கத்து உறவு மொழியில் இதே சொல் 'இக்லு', பனிவீட்டுக்கு உலகமெல்லாம் சொல்லும் இக்ளூ இதுதான். கிரீன்லாந்தில் அந்த 'க்' அடுத்த லகரத்தோடு கரைந்து 'இல்லு' ஆனது. ஒற்றுமை வெறும் தற்செயல்.) இதோடு 'கர்' என்ற ஒட்டைச் சேர்த்தால் 'வீடு உடையதாக இரு' என்ற வினை கிடைக்கும்: 'இல்லொகர்பொக்', அவருக்கு வீடு இருக்கிறது, அல்லது அங்கே வீடு இருக்கிறது. கடைசியில் நிற்கும் 'பொக்' என்பது படர்க்கை ஒருமை விகுதி. அதை எடுத்துவிட்டு, இடத்தைக் குறிக்கும் 'ஃபிக்' சேர்த்தால் 'இல்லொகர்ஃபிக்', வீடுகள் இருக்கும் இடம். நகரம் என்பதற்கு அவர்களுடைய அன்றாடச் சொல் இதுதான். நகரத்தோடு 'பெரிய' என்ற பொருள் தரும் 'ஸுவக்' சேர்ந்தால் 'இல்லொகர்ஃபிஸ்ஸுவக்', பெருநகரம். அதற்கும் மேல் மறுபடி அதே 'கர்', பிறகு எதிர்மறை 'ங்ஙித்', பிறகு எதிர்மறைக்கான படர்க்கை விகுதி: 'இல்லொகர்ஃபிஸ்ஸுவகங்ஙிலக்'. பெருநகரம் எதுவும் இல்லை என்று பொருள். கிரீன்லாந்தைப் பற்றி இது உண்மையும்கூட, தலைநகர் நூக்கிலேயே இருபதாயிரம் பேரை ஒட்டித்தான் இருக்கிறார்கள்.

இந்தச் சொல் நீளமாக இருக்கிறது என்பதைப் பார்த்து நின்றுவிடாதீர்கள், உள்ளே நடந்ததைப் பாருங்கள். பெயர் வினையானது, வினை பெயரானது, பெயர் இன்னொரு பெயரானது, அது மறுபடி வினையானது, அந்த வினை மறுக்கப்பட்டது. ஒரே ஒட்டு, 'கர்', ஒரே சொல்லுக்குள் இரண்டு முறை வந்தது. முதல் முறை வீட்டின்மேல் வேலை செய்தது, இரண்டாம் முறை பெருநகரத்தின்மேல். என் கணக்கில் இந்த மொழியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதியைத்தான் மனதில் வைக்க வேண்டும்: ஒவ்வொரு ஒட்டும் தனக்கு இடப்பக்கம் இருக்கும் மொத்தத்தையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, அதைப் புதிதாக ஒன்றாக மாற்றி, அடுத்த ஒட்டின் கையில் கொடுத்துவிடும். அடுத்ததும் அதையேதான் செய்யும்.

நம் 'வந்தனன்' இப்படியா? வா, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி என்று ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது, இடைநிலை விகுதிக்குப் பின்னால் போய் நிற்க முடியாது, ஒரே இடைநிலை இரண்டு முறை வராது. கிரீன்லாந்து மொழியில் விகுதிக்குத்தான் இப்படி நிலையான இடம், சொல்லின் கடைசியில். வேருக்கும் விகுதிக்கும் நடுவில் இருப்பது திறந்த வெளி. அங்கே 400க்கும் மேற்பட்ட ஒட்டுகள் புழங்குகின்றன, எது எங்கே வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நீங்கள் சொல்ல வரும் பொருள்தான் தீர்மானிக்கிறது. முன்னொட்டு என்று சொல்ல ஒன்றே ஒன்று உண்டு, சுட்டுச்சொற்களுக்கு முன் வரும் 'த'. மற்றதெல்லாம் பின்னால்தான்.

வரிசை பொருளை மாற்றும் என்பதற்கு ஓர் இணையைப் பாருங்கள். 'நெரி' என்றால் உண். 'தித்' என்பது பிறவினை ஒட்டு, நம் 'செய்வி', 'கற்பி' என்பவற்றில் வரும் வி, பி போல. 'ஸின்னா' என்றால் முடியும். 'நெரிதிஸ்ஸின்னாவா' என்றால் அவனைச் சாப்பிட வைக்க இவளால் முடியும். இரண்டையும் இடம் மாற்றி 'நெரிஸின்னாதிப்பா' என்றால் அவனால் சாப்பிட முடிகிற நிலைக்கு இவள் கொண்டுவருகிறாள். முதலாவதில் முடிவது இவளுக்கு, இரண்டாவதில் அவனுக்கு. அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஊட்டுகிற அம்மாவுக்கு முதல் சொல் பொருந்தும், தொண்டை வலியைக் குணப்படுத்தும் மருத்துவருக்கு இரண்டாவது. தமிழிலும் இந்த வேறுபாட்டைச் சொல்கிறோம், ஆனால் சொற்களை இடம் மாற்றி, 'படி', 'நிலை' என்று துணைக்கு ஆள் சேர்த்துச் சொல்கிறோம். அங்கே ஒட்டுகளை இடம் மாற்றினால் போதும்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: 'வந்துகொண்டிருந்திருக்கக்கூடும்' என்று நாமும்தான் எழுதுகிறோமே? எழுதுகிறோம், அது அழகான சொல்லும்கூட. ஆனால் அதைப் பிரித்தால் வா, கொள், இரு, இரு, கூடு என்று வரும், இவை எல்லாம் தனியாகவும் வாழும் வினைகள். 'கொள்' என்று மட்டும் சொல்லலாம், 'இரு' என்று மட்டும் சொல்லலாம். கிரீன்லாந்து மொழியின் ஒட்டு அப்படி இல்லை. 'கர்' என்பதை யாரும் தனியாக வாய்விட்டுச் சொல்ல முடியாது. 'வேண்டும் என்று விரும்பு' என்ற பொருள் தரும் 'ருஸுக்', 'செய், கட்டு' என்ற பொருள் தரும் 'லியொர்', 'செய்யச் சொல்' என்ற பொருள் தரும் 'க்கு', எதுவுமே தனித்து நிற்காது. இன்னொன்றும் உண்டு, இது தமிழருக்கு உண்மையிலேயே புதிதாக இருக்கும்: ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு வேர்தான். 'மரவேர்', 'கடற்கரை' என்று இரண்டு பெயரைச் சேர்த்துத் தொகைச்சொல் செய்யும் வழியே அங்கே இல்லை. நாட்டின் பெயர்கூட 'கலால்லித் நுனாத்', 'கிரீன்லாந்தியர்களின், அவர்களுடைய நிலம்' என்று இரண்டு சொல்லாகத்தான் நிற்கிறது. சொல்லின் முதலில் வேர் ஒன்று, அதன் பிறகு வருவதெல்லாம் ஒட்டு.

சரி, வேர் எதுவும் சொல்ல விருப்பமில்லை, ஒட்டு மட்டும்தான் வேண்டும் என்றால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள், எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 'பி' என்று ஒரு வேர் இருக்கிறது, அதற்குப் பொருள் 'ஏதோ ஒன்று', ஒட்டுகளைத் தாங்க ஒரு வெறும் கொக்கி. 'ஸி' என்ற ஒட்டுக்குப் 'பெறு, வாங்கு' என்று பொருள். 'பிஸி' என்றால் ஏதோ ஒன்றைப் பெறு, அதாவது விலைக்கு வாங்கு. அதோடு 'முயற்சி செய்' என்ற பொருள் தரும் 'நியர்', இடத்தைக் குறிக்கும் 'ஃபிக்': 'பிஸினியர்ஃபிக்'. ஏதோ ஒன்றை வாங்க முயலும் இடம். கடை! சொல் முழுக்க ஒட்டுகள், அடியில் ஒரு காலி வேர். இதே 'பி'யோடு 'நியர்' சேர்ந்து, 'செய்கிறவர்' என்று பொருள்படும் 'தொக்' வந்தால் 'பினியர்தொக்', ஏதோ ஒன்றைப் பெற முயல்கிறவர். வேட்டைக்காரர்தான் அவர். கடல்நாயையும் திமிங்கிலத்தையும் நம்பி வாழ்ந்த ஒரு கரையில், 'பெற முயல்கிறவர்' என்று சொன்னாலே அது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெயரை விழுங்கும் வினைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தோர்' (சில சொற்களில் 'சோர்') என்ற ஒட்டுக்கு 'உண், பருகு' என்று பொருள். 'கஃபி' காபி, ஆகவே 'கஃபிசோர்பொக்', அவர் காபி குடிக்கிறார். காபி வேண்டுமா என்று கேட்க 'கஃபிசோருஸுப்பித்?' என்பார்கள், காபி, பருகு, விரும்பு, முன்னிலை வினா விகுதி, அவ்வளவுதான். 'எனக்கு நாய் இருக்கிறது' என்பது 'கிம்மெகர்புஙா'. தமிழிலும் 'உடைமை'க்குத் தனி வினை இல்லாமல் 'எனக்கு இருக்கு' என்றுதானே சொல்கிறோம், அங்கே அது ஒட்டாகவே போய்விட்டது. சரி, நாய் வினைக்குள் போய்விட்டால், இரண்டு நாய் என்று எப்படிச் சொல்வது? பெரிய நாய் என்று எப்படிச் சொல்வது? அந்த அடைச்சொல் உள்ளே போகாமல் வெளியே நின்று, கருவி வேற்றுமை ஏற்றுக்கொள்ளும்: 'மர்லுன்னிக் கிம்மெகர்புஙா', வார்த்தைக்கு வார்த்தை 'இரண்டுகளால் நாயுடையேன்'. 'அஙிஸூமிக் இல்லொகர்புஙா', 'பெரியதால் வீடுடையேன்'. வினைக்குள் ஒளிந்த பெயரை வெளியே நிற்கும் சொல் எட்டிப் பிடித்துக்கொள்கிறது. சொல்லுக்குள் நடப்பது வேறு, வாக்கியத்துக்குள் நடப்பது வேறு என்று கோடு போட்டு வைத்திருந்த மொழியியலாளர்கள் இதைப் பல ஆண்டுகள் விவாதித்திருக்கிறார்கள், அந்த விவாதம் நியாயமானதுதான்.

வேற்றுமை உருபுக்குப் பின்னாலும் ஒட்டு வரும். 'நூம்மி' என்றால் நூக்கில். அதன்மேல் 'இரு' என்ற பொருள் தரும் ஒட்டு: 'நூம்மீப்புஙா', நூக்கில் இருக்கிறேன். 'நூம்முகர்புஙா', நூக்குக்குப் போகிறேன். 'நூம்மியுத்' என்றால் நூக்வாசிகள், நம் மதுரைக்காரர்கள் போல.

இப்போது சேரும் இடங்களில் நடக்கும் ஒலி மாற்றம். ஆரம்பத்தில் என்னை மிகவும் அலைக்கழித்தது இதுதான், கிரீன்லாந்து வானொலியான கேஎன்ஆரின் செய்தியை இணையத்தில் கேட்கும்போது, தெரிந்த வேரே தெரியாததாக ஒலிக்கும். மூன்று சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 'கிம்மெக்' நாய், 'கிம்மெர்ஸுவக்' பெரிய நாய், 'கிம்மிங்ஙுவக்' குட்டி நாய், செல்ல நாய். வேரின் உண்மையான உயிர் இகரம். பின்னால் அந்தத் தொண்டை ஒலியோ அதன் தம்பியான ரகரமோ வந்தால் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும், 'இல்லு' 'இல்லொ' ஆனது அதனால்தான். 'ஸுவக்' வந்தபோது கடைசி மெய் ரகரமாக மாறித் தங்கியது. 'ங்ஙுவக்' வந்தபோது கடைசி மெய் அடியோடு விழுந்துவிட்டது, அது விழுந்ததும் இகரம் பழையபடி இகரமானது. ஆக, எந்த ஒட்டு முன்னால் இருக்கும் மெய்யைக் காப்பாற்றும், எது வெட்டும் என்பதை ஒட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. மரம் என்பது மரங்கள், மரத்தை, மரவேர் என்று மூன்று வேஷம் போடுவதை நாம் யோசிக்காமலே செய்கிறோம், புணர்ச்சி பழகிய காதுக்கு இது இரண்டு மாத வேலை. ஒட்டுகளை மெய்யோடு சேர்த்துப் படிக்காமல் முழுச் சொற்களாக மனப்பாடம் செய்தால் மட்டும் எத்தனை வருடம் ஆனாலும் நகராது, அதை நான் செய்து பார்த்தாயிற்று.

ஒட்டுகளில் எல்லாமே 'பெரிய', 'சிறிய', 'இடம்' என்று நேரடியானவை இல்லை. பெயர்ச்சொல்லுக்குக் காலம் காட்டும் ஒட்டுகள் உண்டு என்றால் நம்புவீர்களா? 'ஸ்ஸக்' என்பது 'ஆகப்போவது'. 'நுலியக்' மனைவி, 'நுலியஸ்ஸக்' மனைவியாகப் போகிறவள். 'இல்லுஸ்ஸக்' வீடாகப் போவது, வீடு கட்ட வாங்கிப் போட்டிருக்கும் மரத்தையும் அப்படிச் சொல்லலாம். 'கலுவக்' என்பது 'இருந்து, இப்போது இல்லாதது': 'உயி' கணவன், 'உயிகலுவக்' முன்னாள் கணவன் அல்லது மறைந்த கணவன். இரண்டையும் அடுத்தடுத்துச் சேர்த்தால் 'ஆகவேண்டியிருந்து, ஆகாமல் போனது' என்ற பொருள் வரும். ஒரு சிறுகதையே எழுதலாம் இந்த இரண்டு ஒட்டை வைத்து. இதே 'கலுவர்' வினையில் வந்தால் இன்னும் நுட்பம்: 'நெரிகலுவர்புஙா'. சாப்பிட்டேன் என்று மட்டும் மொழிபெயர்த்தால் தப்பு. சாப்பிட்டேன்தான், ஆனால்... என்று இழுப்போமே, சாப்பிட்டும் பசி அடங்கவில்லை, அல்லது சாப்பிட்டும் உன்னோடு இன்னொரு வாய் சாப்பிடுவேன், அந்த மிச்சம் எல்லாம் அந்த ஒட்டுக்குள் இருக்கிறது. நம் 'தான்' இதற்கு மிக அருகில் வரும். 'கோக்' என்று சொல்லின் கடைசியில் ஒட்டும் துணுக்கு ஒன்று உண்டு, அது அப்படியே நம் 'ஆம்': வந்தானாம், போனாளாம். நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன் என்று ஓரசையில் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும், தமிழரும் கிரீன்லாந்தியரும் மூச்சுவிடுவது போலச் சொல்கிறார்கள்.

புதுப் பொருள்கள் வரும்போது இந்த ஒட்டுகள்தான் கைகொடுக்கின்றன. விமானம் 'திம்மிஸர்தொக்', வழக்கமாகப் பறப்பது. விமான நிலையம் 'மித்தர்ஃபிக்', வழக்கமாகத் தரையிறங்கும் இடம். தந்தி வந்தபோது 'நலுநாரஸுவர்தாத்' என்றார்கள், விரைவாக அறிவிக்கும் கருவி. கணினி 'கரஸாஸியக்', மூளை மாதிரிச் செய்த ஒன்று. உணவகம் 'நெரினியர்தர்ஃபிக்'. பள்ளி 'அதுவர்ஃபிக்', வாசிக்கும் இடம். தேவாலயம் 'ஒகலுஃபிக்', பேசும் இடம். ஆசிரியர் 'இலின்னியர்தித்ஸிஸொக்': படி, பிறவினை ஒட்டு, செயப்படுபொருளைக் கழற்றிவிடும் ஒட்டு, செய்கிறவர். கற்பிப்பவர் என்பதை உறுப்பு உறுப்பாகப் பிரித்தால் கிட்டத்தட்ட இதே சங்கிலிதான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பேசுகிறவர் ஒவ்வொரு முறையும் உறுப்புகளை நினைத்துக்கொண்டு பேசுவதில்லை. 'உமியக்' என்பது தோல் போர்த்திய படகு, 'உமியர்ஸுவக்' அதன்படி பெரிய தோல்படகு, ஆனால் இன்று அதற்குக் கப்பல் என்றுதான் பொருள், இரும்புக் கப்பலும் அதுதான். 'நுனா' நிலம், 'நுனர்ஸுவக்' பெருநிலம், அதாவது உலகம். நாம் ஒற்றைக் காலில் சுழலும் இருக்கையையும் நாற்காலி என்று சொல்லும்போது கால்களை எண்ணுவதில்லை, அப்படித்தான். 'அவர்கள் கணினியை மூளை என்று நினைக்கிறார்கள்' என்ற பாணியில் எழுதப்படும் கட்டுரைகளை நம்பாதீர்கள். பனிக்கு நூறு சொல் என்ற கதையும் இதே வகை. 1911ல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் எழுதியது கனடாப் பக்கத்து இனுயிட் மொழியில் பனிக்கான நான்கு வேர்களைப் பற்றித்தான், எண்ணிக்கை பிறகு வாய்க்கு வாய் வளர்ந்தது. ஒட்டுகள் வழியாக எந்த வேரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சொல் செய்யலாம் என்கிற மொழியில், மணலுக்கோ காபிக்கோகூட எத்தனை சொல் என்று எண்ண முடியாது, கேள்வியே அங்கே பொருந்தாது.

அகராதி விஷயத்துக்கு வருகிறேன். 1814ல் கிரீன்லாந்திலேயே பிறந்த, மொராவிய கிறிஸ்தவ சபையின் மறைப்பணியாளர் ஸாமுவேல் க்ளைன்ஷ்மித், 1851ல் பெர்லினில் வெளியான தன் இலக்கண நூலில், லத்தீன் இலக்கணச் சட்டகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மொழி தானாக எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதினார். அவர் வகுத்த எழுத்துமுறை 1973 வரை நின்றது. 1871ல் அவருடைய அகராதியும் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த மொழியை அகராதியில் அடைக்க வேண்டுமானால் வேர்களைத் தர வேண்டும், நிலைத்துப்போன 'அதுவர்ஃபிக்' போன்ற சொற்களைத் தர வேண்டும், ஒட்டுகளைத் தனிப் பதிவுகளாக, எந்த மெய்யை வெட்டும், எதைக் காக்கும், பெயரை எடுத்து வினையாக்குமா, வினையை எடுத்துப் பெயராக்குமா என்ற குறிப்போடு தர வேண்டும். மற்றதை வாசகர்தான் கட்டிக்கொள்ள வேண்டும், 'இல்லொகர்ஃபிஸ்ஸுவகங்ஙிலக்' எந்த அகராதியிலும் தனிப் பதிவாக இருக்காது, இருக்கவும் தேவையில்லை.

கணினியில் பிழை திருத்துவதற்கும் இதே சிக்கல்தான். சொற்பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிடுவது நடக்காது, நாளிதழில் வரும் நீளச் சொற்களில் பலவற்றை எந்தப் பட்டியலிலும் பார்க்க முடியாது. வேர், ஒட்டு, புணர்ச்சி விதி மூன்றையும் நிரலாக எழுதி, எதிரே வரும் சொல்லைப் பிரித்துப் பார்த்துத்தான் சரி தவறு சொல்ல முடியும். தமிழுக்குச் சொற்பிழை திருத்தி செய்தவர்கள் முட்டிக்கொண்ட அதே சுவர். கிரீன்லாந்தில் அந்த வேலையைச் செய்திருப்பது நூக்கில் இருக்கும் மொழிச் செயலகம், அதன் பெயர் 'ஒகாஸிலெரிஃபிக்'. 'ஒகாஸெக்' என்றால் சொல், 'லெரி' என்ற ஒட்டுக்கு 'அதிலேயே மும்முரமாக இரு' என்று பொருள், கடைசியில் நீங்கள் ஏற்கனவே பார்த்துப் பழகிய அந்த 'ஃபிக்'.